திருமேடையில் தமிழ், திருஅவைப் பள்ளியில் ஆங்கிலமா?

ஒரு சமயம் ஒரு மண்ணில் வேரூன்றி விட்டதா என்பதை அதன் கோபுரத்தின் உயரம் காட்டாது. திருவிழாக் கூட்டத்தின் பெருக்கமும் காட்டாது. அச்சமயத்தார் துன்பம் வந்துற்ற பொழுது எம்மொழியில் இறைவனைக் கூவி அழைக்கின்றனர், தம் மக்கட்கு எம்மொழியில் அவனைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கின்றனர் என்னும் இரண்டே அதனைக் காட்ட வல்லன. முன்னது வழிபாட்டு மொழி; பின்னது கல்வி மொழி. இவ்விரண்டும் ஒன்றாய் இருக்கும் வரையில் அச்சமயம் அம்மண்ணின் மக்களுடையதாய் இருக்கும். இவை இரண்டாய்ப் பிரியுமாயின், கல்வி மொழி வழிபாட்டு மொழியை ஒருநாள் விழுங்கியே தீரும். தமிழகக் கிறித்தவம் இன்று அந்தப் பிரிவின் வாயிலில் வந்து நிற்கின்றது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் 6.12 விழுக்காட்டினர் கிறித்தவர். தொகையாற் சொன்னால் ஏறத்தாழ 44 இலக்கம் பேர். எண்ணிக்கையிற் சிறியதாகிய இக்கூட்டம் பொதுவாழ்விற் பெற்றிருக்கும் இடமோ மிகப் பெரியது. ஊர்தோறும் அவர்தம் பள்ளிகள், நகர்தோறும் கல்லூரிகள், மருத்துவமனைகள், அச்சகங்கள், ஏதிலியர் இல்லங்கள். கிறித்தவர் அல்லாத தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் பல்லாயிரவர் கிறித்தவப் பள்ளிகளிற் படித்தே ஆளாயினர், இன்றும் ஆகின்றனர். ஆகவே, கிறித்தவர் தம் கோயிலிலும் பள்ளியிலும் எம்மொழியைப் பேணுகின்றனர் என்பது அவர்தம் வீட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தமிழர் அனைவரும் கேட்கவும் சொல்லவும் உரிமையுடைய செய்தி அது.

முதலில் நன்றி கூறவேண்டிய இடத்தில் நன்றி கூறவேண்டும். தமிழ் அச்சேறிய வரலாறே கிறித்தவ வழிபாட்டு நூல்களோடு தொடங்குகின்றது. 1554-ஆம் ஆண்டு இலிசுபன் நகரில், உரோம எழுத்துகளில், தமிழ் மொழியிலமைந்த கிறித்தவ வழிபாட்டுச் சிறுநூலொன்று அச்சிடப் பெற்றது. 1578-ஆம் ஆண்டு அக்குதோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே, 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் வெளிவந்தது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறிய பெருமையைத் தமிழுக்குத் தேடித் தந்தது அந்நூலே. அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிய போர்த்துக்கீசியராகிய அண்டிரிக்கு அடிகளார். 1586-ஆம் ஆண்டு அவரே 'அடியார் வரலாறு' என்னும் நூலையும் வெளியிட்டார். தம்பிரான், வணக்கம், அடியார், வரலாறு — நான்கு சொற்களும் நற்றமிழ்ச் சொற்கள் என்பதை இங்கு ஊன்றிக் காணவேண்டும். நூல்களின் உள்ளே போர்த்துக்கீசியச் சொற்கள் விரவியிருந்தது உண்மையே. ஆயினும் நூற்குப் பெயரிடும் பொழுது, கடலோரத்து மக்கள் நாவில் எச்சொல் வழங்கியதோ அச்சொல்லையே அவ்வயல்நாட்டுத் துறவி எடுத்தாண்டார்.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியராகிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலிற் கைவைத்துத் தமிழெழுத்துப் பயின்றார். அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகட்கும் பள்ளி கண்டார். 1715-ஆம் ஆண்டிற்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாடு முதலில் அச்சேறியதும் தமிழிலேயே.

இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர் செய்த தமிழ்ப்பணியை விரித்துரைக்க இங்கு இடம் போதாது. எகர ஒகரக் குறில்நெடில் வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டிய எழுத்துத் திருத்தமும், சதுரகராதியும், தொன்னூல் விளக்கமும் அவர் தந்தவை. அவருடைய தேம்பாவணியில் ஒரு சிறப்பை மட்டும் சுட்டுதல் தகும். அக்காப்பியத் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். எபிரேய மொழியில் அப்பெயர்க்குப் பெருகுதல், மேலுஞ் சேர்தல் என்பது பொருள். அப்பொருளை உட்கொண்டு முனிவர் அவரை 'வளன்' என்றார். திருமுழுக்கு யோவானைக் 'கருணையன்' என்றார். கோனான்குப்பத்தில் மரியன்னையைப் 'பெரியநாயகி' என்று நிறுத்தினார். வந்த சமயம் மண்ணின் மொழியில் மறுபிறப்பு எடுக்கவேண்டும் என்னும் உணர்வு அவர்பால் இருந்தது.

ஆயின், இதே வரலாற்றில் ஒரு பிறழ்ச்சியும் நேர்ந்தது. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தெ நொபிலி, மேற்குலத்தாரைக் கவரவேண்டும் என்னும் நோக்கத்தால் ஆரியத் துறவிக் கோலம் பூண்டார். அக்கோலத்திற்கு ஏற்ற மொழியையும் பூண்டார். தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதிய உழைப்பாளர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அண்டிரிக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற இடத்தில் அவர் 'ஞானோபதேசம்' என்றார். அவ்வழியே நடந்தோரும், அவரோடு மாறுபட்ட பிற அவையினரும், இவ்வொன்றில் மட்டும் ஒத்த கருத்தினராயினர். 'சர்வேசுரன்', 'ஞானஸ்நானம்', 'சுவிசேஷம்', 'பாவசங்கீர்த்தனம்', 'பரிசுத்தம்', 'இரட்சிப்பு', 'கிருபை', 'ஜெபம்', 'தீர்க்கதரிசி', 'நிருபம்' என வடசொற்கள் கோயிலுக்குள் வரிசையாய்ப் புகுந்து அமர்ந்துகொண்டன. ஏழைக்கு நற்செய்தி சொல்லவந்த நூல், அவ்வேழையின் வாய்க்குள் நுழையாத சொல்லைத் தன் பெயராகத் தாங்கியது. தான் செய்த குற்றத்தை இறைவன் முன்னிலையிற் சொல்லி ஆறுதல் தேட வந்த உழத்திக்குத் தான் செய்யும் செயலின் பெயரே விளங்கவில்லை.

இதன்மேலும் கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நிகழ்ந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்று, மக்கட்குப் புரியாத மொழியில் ஓத, மக்கள் தத்தமக்குத் தெரிந்த மன்றாட்டுகளைத் தமக்குள் முணுமுணுத்திருந்தனர். ஆரியக் குருக்கள் கருவறையில் ஓதுவது புரியாமற் கைகூப்பி நிற்கும் தமிழனுக்கும், இலத்தீன் புரியாமல் முழந்தாளிட்டு நிற்கும் தமிழனுக்கும் வேறுபாடு என்ன? இருவரும் தம் இறைவன் முன்னிலையிலேயே அயலாராய் நின்றனர்.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் பொதுப்பேரவை. 1962 முதல் 1965 வரை கூடிய அப்பேரவை, 1963-ஆம் ஆண்டு திசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணத்தால் மக்கள்மொழி வழிபாட்டிற்கு வாயில் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழகக் கத்தோலிக்கக் கோயில்களில் இலத்தீன் இறங்கித் தமிழ் ஏறியது. குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். மொழியும் மக்களை நோக்கித் திரும்பியது.

அதனினும் பெரியது ஒன்று தொடர்ந்தது. இலத்தீனை இறக்கிய கையோடு, தமிழறிந்த குருமாரும் புலவரும் வடசொற் களையையும் பறிக்கத் தொடங்கினர். 'சர்வேசுரன்' இறைவன் ஆனான். 'ஞானஸ்நானம்' திருமுழுக்கு ஆயிற்று. 'சுவிசேஷம்' நற்செய்தி ஆயிற்று. 'பாவசங்கீர்த்தனம்' ஒப்புரவு ஆயிற்று. 'பரிசுத்த ஆவி' தூய ஆவியாகவும், 'அப்போஸ்தலர்' திருத்தூதராகவும், 'தீர்க்கதரிசி' இறைவாக்கினராகவும், 'நிருபம்' திருமுகமாகவும், 'மேற்றிராணியார்' ஆயராகவும் மாறினர், மாறின. 'ஆதியாகமம்' தொடக்கநூல் என்றும், 'யாத்திராகமம்' விடுதலைப் பயணம் என்றும், 'சங்கீதம்' திருப்பாடல்கள் என்றும் பெயர் பெற்றன. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இச்சொற்களை நிலைபெறச் செய்தது. அண்மைக் காலத்தே 'திருச்சபை' என்பதும் 'திருஅவை' என்று வழங்கப் பெறுகின்றது.

இச்சொற்கள் புகுந்தமையால் எந்தக் கோயிலும் இடியவில்லை. எவர் நம்பிக்கையும் குலையவில்லை. 'திருமுழுக்கு' என்று சொல்லி நீராட்டப் பெற்ற குழந்தை 'ஞானஸ்நானம்' பெற்ற குழந்தையினும் குறைந்த கிறித்தவக் குழந்தையாய் வளரவில்லை. தனித்தமிழ் நடைமுறைக்கு ஒவ்வாது, மக்களுக்கு விளங்காது, பழகிய சொல்லை மாற்ற இயலாது என்று இன்றும் எழுதிக் கொண்டிருப்போர் இந்த ஒரு பட்டறிவை எண்ணிப் பார்க்கவேண்டும். மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டு ஊன்றிய வித்து, புலவர் மன்றங்களில் மட்டும் முளைக்கவில்லை. ஞாயிறுதோறும் கல்லாத மக்களும் எழுந்து நின்று விடைகூறும் வழிபாட்டில் முளைத்துக் கதிர்விட்டிருக்கின்றது.

இதனோடு தமிழ்க்கோயில்களின் நிலையை ஒப்பிட்டால் நெஞ்சு வேகின்றது. தமிழரசர் கட்டிய தில்லைக் கோயிலின் திருச்சிற்றம்பல மேடையில் ஓர் ஓதுவார் தேவாரம் பாடுவதற்கு 2008-ஆம் ஆண்டில் அரசாணையும் காவலர் துணையும் வேண்டியிருந்தன. இராசராசன் எடுத்த தஞ்சைப் பெருங்கோயிலின் 2020-ஆம் ஆண்டுக் குடமுழுக்கில் தமிழுக்கும் இடம் வேண்டும் என்பதற்கு உயர்நயன்மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. வடமொழியோடு தமிழும் ஓதப்படல் வேண்டும் என்ற தீர்ப்பே அங்குக் கிடைத்தது. 1971-ஆம் ஆண்டிலேயே பேசப்பட்ட தமிழ் வழிபாடு, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட வேண்டியதாயிற்று. தமிழில் பிறந்து தமிழில் வளர்ந்த சிவநெறிக்கும் திருமால்நெறிக்கும் இந்நிலை. கடல் கடந்து வந்த சமயமோ தன் உள்ளத்தின் தெளிவால் தானே தமிழைத் திருமேடையில் ஏற்றிக்கொண்டது. எது அயற்சமயம், எது மண்ணின் சமயம் என்னும் வழக்கில், மொழியைச் சான்றாக நிறுத்தினால் தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பதைக் கிறித்தவரை அயலார் என்று தூற்றுவோர் எண்ணிப் பார்க்கட்டும்.

அங்ஙனம் தூற்றுவோரின் குரல் இன்று வடக்கினின்று ஓங்கி ஒலிக்கின்றது. தமிழகத்திலும் அதற்கு ஒலிபெருக்கி பிடிப்போர் தோன்றியுள்ளனர். அவர்கட்குத் தமிழினம் சொல்லவேண்டிய விடை ஒன்றே. தமிழன் எச்சமயத்தைச் சார்ந்தாலும் தமிழனே. தமிழுக்குச் சொற்பிறப்பியல் அகரமுதலி காண உழைத்து, அப்பணியிலேயே 1981-ஆம் ஆண்டு மறைந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்ற தனிநாயக அடிகள் ஈழத்திற் பிறந்த கத்தோலிக்கத் துறவி. இவர்களை அயலார் என்பவன் தமிழையே அயல்மொழி என்பவனாவான்.

இத்துணையும் பெருமைக்குரியவை. இனிக் குறை கூறவேண்டிய இடம் வருகின்றது. உரிமையுடையார் கூறும் குறையாகவே இதனைக் கிறித்தவத் தமிழர் கொள்ளவேண்டும்.

முதலாவது, திருஅவைகள் பலவற்றுள் இன்றும் 1871-ஆம் ஆண்டு என்றி பவர் குழுவினர் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழிவந்த 'பரிசுத்த வேதாகமமே' படிக்கப் பெறுகின்றது. 'கிருபை'யும் 'இரட்சிப்பும்' அங்கு அசையாமல் அமர்ந்திருக்கின்றன. பழகிய சொல்லே தூய சொல் என்பது அவர்தம் வாதம். இயேசு பெருமான் கோயிற் குருமாரின் ஏட்டுமொழியிலா மக்களுக்கு உவமை கூறினார்? தம் ஊர் மக்கள் வழங்கிய அரமேய மொழியிற் கூறினார். புதிய ஏற்பாடு அறிஞர் போற்றிய பழங்கிரேக்க நடையில் எழுதப்படவில்லை. சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய பொதுக் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. இலூத்தர் 1522-ஆம் ஆண்டு புதிய ஏற்பாட்டைச் செருமானியத்திற் பெயர்த்தபொழுது, அந்நாட்டுத் தாயும் பிள்ளையும் பேசும் மொழியையே நாடினார். பெந்தகோசுதே நாளில் பன்னாட்டு மக்களும் தத்தம் தாய்மொழியிலேயே திருத்தூதர் உரையைக் கேட்டனர் என்பது அவர்தம் மறைநூலே கூறும் செய்தி. சீர்திருத்த அவையினர் என்று பெயர் தாங்குவோர், தம் சமயத்தின் பிறப்புரிமையாகிய மக்கள்மொழியை வடசொல்லிடம் அடகு வைத்திருப்பது பொருந்துமா?

இரண்டாவது, புதிதாய் எழும் வழிபாட்டுக் கூட்டங்களிற் புகும் ஆங்கிலம். நகரச் சுவர்களில் 'மினிஸ்ட்ரீஸ்' என்றும் 'ஃபெலோஷிப்' என்றும் 'பிரேயர் மீட்டிங்' என்றுமே காண்கின்றோர் கண்கள் கூசுகின்றன. அருளுரையில் ஒரு தொடர் தமிழ், மறுதொடர் ஆங்கிலம். ஒருவரை ஒருவர் கண்டால் 'மரியே வாழ்க', 'இயேசுவுக்கே புகழ்' என்று வாழ்த்திய வாய்கள் 'பிரைஸ் த லார்டு' என்கின்றன. வடமொழி வெளியேறிய வாயிலாலேயே ஆங்கிலம் உள்ளே நுழைகின்றது. வீட்டைப் பெருக்கித் தூய்மை செய்து வைத்தது வேறொருவர் குடியேறுவதற்கா?

மூன்றாவது, மக்கட்பெயர். யோவான் என்னும் பெயர்க்கு இறைவன் அருளினான் என்று பொருள் கண்டு 'அருளப்பன்' என்றும், பவுல் என்பதற்குச் சிறியன் என்று பொருள் கண்டு 'சின்னப்பன்' என்றும் பெயரிட்டு மகிழ்ந்தனர் அன்றைத் தமிழ்க் கிறித்தவர். அமுதக் குழந்தைகட்கு அமுதத் தமிழ்ப்பெயர். இன்றோ அருளப்பனின் பெயரன் 'ஜான்' ஆகவும், சின்னப்பனின் பெயர்த்தி 'பாலின்' ஆகவும் பள்ளிப் பதிவேட்டில் ஏறுகின்றனர். கிறித்துவின் ஊரும் இலண்டன் அன்று. அவர் திருத்தூதரின் ஊரும் இலண்டன் அன்று. பின் ஏன் ஆங்கிலேயன் திரித்து வழங்கிய வடிவத்தில் எபிரேயப் பெயரைத் தமிழன் தாங்கவேண்டும்?

இம்மூன்றினும் பெரிய குறை நான்காவது. மேற்சொன்னவை கிளைகள், இது வேர். அதுவே பள்ளி.

கிறித்தவத் தொண்டர் தமிழகத்தில் தொடங்கிய பள்ளிகளுட் பல தமிழ்ப்பள்ளிகளாகவே தொடங்கின. தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்டிர்க்கும் முதன்முதல் ஏடு திறந்தவை அவற்றுட் பல. தமிழால் எதனையும் கற்பிக்க இயலும் என்று செயலாற் காட்டியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1847-ஆம் ஆண்டு அமெரிக்காவினின்று யாழ்ப்பாணத்திற்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, 1864-ஆம் ஆண்டு முதல் மேலைமருத்துவத்தைத் தமிழ் வழியாகவே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியல் ஆகிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' என்றும் 'கெமிஸ்தம்' என்றும் அவற்றிற்கு இட்ட பெயர்களில் அக்காலத்துப் பிறமொழிக் கறை படிந்திருந்தது; ஆயினும் அவர் முயற்சியின் பெருமை அதனாற் குன்றாது. ஓர் அயல்நாட்டு மருத்துவர், மின்விளக்கும் இல்லாத காலத்தில், மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின், தமிழ்க் குருவானவரை மேலாளராகவும், தமிழ்க் கன்னியரைத் தலைமையாசிரியராகவும் கொண்ட பள்ளிகள், கூட்டற் கணக்கையும் கழித்தற் கணக்கையும் தமிழிற் சொல்லித்தர இயலாது என்று ஆங்கிலவழிப் பள்ளிகளாய் மாறி நிற்கின்றன. சில பள்ளிகளில் தமிழிற் பேசிய பிள்ளைக்குத் தண்டமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைவனோடு பேசத் தகுதிபெற்ற மொழி, திங்கட்கிழமை காலையிற் பக்கத்து மாணவனோடு பேசத் தகாத மொழியாகி விடுகின்றது!

இதற்கு மேலாளர் கூறும் விடைகள் மூன்று. பெற்றோர் ஆங்கிலத்தையே கேட்கின்றனர் என்பது ஒன்று. அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புகளைத் திறந்துவிட்டது என்பது மற்றொன்று. சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களைத் தாம் விரும்பியவாறு நடத்திக்கொள்ள அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு உரிமை தந்துள்ளது என்பது மூன்றாவது.

பெற்றோர் கேட்கின்றனர் என்பது உண்மையே. வேலை ஆங்கிலத்திற்கே உண்டு என்று அரசும் வணிகமும் காட்டியிருக்கும் பொழுது பெற்றோர் வேறெதைக் கேட்பர்? ஏழைப் பெற்றோரைப் பழிப்பது அறமன்று. ஆயினும், மக்கள் விரும்பியதை எல்லாம் தருவது வணிகன் தொழில். மக்கட்கு நல்லதைத் தருவதே அருட்பணி. வடமொழிச் சொற்களை மாற்றும் பொழுது, பழகிய சொல்லே வேண்டும் என்ற முணுமுணுப்புக்கு அஞ்சித் திருஅவை நின்றுவிடவில்லையே! கற்பித்தது, பொறுத்தது, வென்றது. அந்தத் துணிவு பள்ளியில் எங்கே போயிற்று?

அரசு செய்தது தவறு. 2013-ஆம் ஆண்டளவில் அரசுப் பள்ளிகளிற் பரவலாகத் திறக்கப்பட்ட ஆங்கிலவழி வகுப்புகள் தமிழ்க்கல்விக்கு அரசே தோண்டிய குழி. ஆயினும், அரசு சறுக்கிய இடத்திலும் அறத்தில் நிற்பதற்கே சமயம் இருக்கின்றது. அரசைப் பார்த்து ஒழுகுவதற்குத் திருஅவை வேண்டியதில்லை. அரசு அலுவலகமே போதும்.

30-ஆம் பிரிவு தந்தது உரிமை. அவ்வுரிமை தமிழைக் காக்கவும் பயன்படும், கைவிடவும் பயன்படும். 1999-ஆம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது; 2000-ஆம் ஆண்டு சென்னை உயர்நயன்மன்றம் அதனைச் செல்லாதென்றது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியதே அன்றிப் பயிற்றுமொழியாக ஆக்கவில்லை. 2014-ஆம் ஆண்டு, கருநாடக வழக்கில், தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த இயலாது என்று உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டத்தின் கதவு தமிழுக்கு மூடியே கிடக்கின்றது. எஞ்சியிருப்பது பள்ளி நடத்துவோரின் உள்ளக் கதவு ஒன்றே. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலேதான் ஒருவனுடைய அறம் எத்தகையது என்பது விளங்கும்.

இனி, இது தமிழுக்கு மட்டும் நேரும் இழப்பன்று என்பதையும் கிறித்தவத் தமிழர் உணர்தல் வேண்டும். ஆங்கிலவழியிற் படித்த பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டித் தடுமாறுகின்றது. அப்பிள்ளையின் கையிற் கொடுத்தால் திருவிவிலியத்தின் ஒரு பக்கத்தை ஓடவிட்டுப் படிக்க இயலவில்லை. பாட்டி உருகிப் பாடும் தவக்காலப் பாடலின் பொருள் பெயர்த்திக்கு விளங்கவில்லை. அதனால் நகரக் கோயில்களில், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே ஆங்கிலத் திருப்பலிகள் நடத்தப் பெறுகின்றன. தமிழறியாத அயல்மாநிலத்தார்க்கு ஆங்கிலத் திருப்பலி நடத்துவதை எவருங் குறைகூறார். தமிழ்ப்பிள்ளைக்கு அதனை நடத்தவேண்டி வந்ததே, பள்ளி கோயிலை விழுங்கத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று. 1963-ஆம் ஆண்டு இலத்தீனை இறக்கிப் பெற்ற வெற்றியை, இன்னும் ஒரு தலைமுறையில் ஆங்கிலத்தை ஏற்றித் திருஅவை தானே இழந்துவிடும். அன்று மக்களுக்குப் புரியாத மொழி திருமேடையில் இருந்தது. நாளை திருமேடையின் மொழி மக்களுக்குப் புரியாததாய்ப் போகும். இரண்டிற்கும் முடிவு ஒன்றே: இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே ஓர் அயல்மொழிச் சுவர்.

கிறித்தவப் பெரியோர் செய்யத்தக்கவை அரியவை அல்ல. தம் மேலாண்மையிலுள்ள பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தமிழ்வழிக் கல்வியை மீட்கவேண்டும். அது பிச்சைக்காரப் பிரிவாய்ப் பின்கட்டில் ஒதுக்கப்படாமல், சிறந்த ஆசிரியரும் சிறந்த கருவிகளும் பெற்ற முதற்பிரிவாய் விளங்கவேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக நன்கு கற்பிக்கட்டும், தடையில்லை. குருமாணவர் பயிற்சியில், கிரேக்கமும் எபிரேயமும் கற்கும் உழைப்பிற் பாதியையேனும் தொல்காப்பியத்திற்கும் திருக்குறட்கும் தேம்பாவணிக்கும் தரவேண்டும். பொது மொழிபெயர்ப்பை இன்னும் ஏலாத அவைகள் அதனை ஏற்கவேண்டும். அல்லது தம் மொழிபெயர்ப்பையேனும் தமிழாக்கிக் கொள்ளவேண்டும். திருமுழுக்குத் தொட்டியருகே குழந்தைக்குப் பெயர் கேட்கும் குருவானவர், ஒரு தமிழ்ப்பெயரைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கவேண்டும். இவற்றுள் ஒன்றற்கேனும் எந்த அரசின் இசைவும் வேண்டியதில்லை. எந்த மன்றத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை.

தனித்தமிழ் அன்பர்க்கும் கடமை உண்டு. தெருமுனைக் கோயிலில் ஞாயிறுதோறும் ஒலிக்கும் தூயதமிழைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். நல்ல சொல்லாக்கம் எங்கிருந்து வந்தாலும் அதனை எடுத்து வழங்கவேண்டும். கிறித்தவத் தமிழர் அயலார் என்று தாக்கப்படும் பொழுது அவர்க்கு முன்னால் நின்று மறிக்கவேண்டும். அவர்தம் பள்ளி தமிழை வெளியே தள்ளும் பொழுது, அதே உரிமையோடு வாயிலில் நின்று கேட்கவும் வேண்டும்.

அண்டிரிக்கு அடிகளாரின் 16 பக்கங்கள் தமிழுக்கு அச்சு வாழ்வு தந்தன. அந்த மரபினர் நடத்தும் பள்ளியில் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்வழியே கல்வி இல்லை என்னும் நிலை நீடித்தல் ஆகாது. திருமேடையில் ஏற்றிய தமிழைப் பள்ளி மேடையினின்று இறக்காதீர்! கோயிலுக்குள் விளக்கேற்றிவிட்டுத் திண்ணையை இருளில் விடாதீர்! வழிபாட்டில் வென்ற தமிழ் கல்வியிலும் வெல்க!